நைனா லால் கிட்வாய் கொடுத்தது எது? வங்கி வேலைக்கு வந்திருக்கும் தங்கைக்கு ஒரு விரிவான பதில்

தாராவியில் பிறந்து வளர்ந்து, இப்போது அரசு வங்கியில் புரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்திருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். பயிற்சி வகுப்பில், எச்எஸ்பிசி வங்கியின் இந்தியத் தலைவராக இருந்த நைனா லால் கிட்வாய் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். அவர் எப்படி மேலே போனார்? செய்த கொடை எவ்வளவு? அது அவர் கையிலிருந்து போனதா, வங்கிக் கஜானாவிலிருந்து போனதா? வசதியான வீட்டில் பிறந்தவரின் கதை என்னைப் போன்றவளுக்கு எதற்கு உதவும்? இவைதான் அவருடைய கேள்விகள்.

நான் மும்பையில் அரசு வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள், செம்பூர்வாசி. தாராவியில் தமிழ்ப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். அதனால் உங்கள் மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்றவற்றுக்கான பதிலும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

பின்னணியைப் பூசி மெழுக வேண்டாம். கிட்வாய் 1957-ல் பிறந்தவர். அப்பா இன்சூரன்ஸ் நிறுவனத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்தார். பள்ளிப் படிப்பு சிம்லாவின் லொரெட்டோ கான்வென்ட், தாரா ஹாலில். டெல்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியில் பொருளாதாரம். நீங்கள் தண்ணீர்க் குழாயடியில் வரிசை நின்றுவிட்டு கல்லூரிக்கு ஓடியது போன்ற காலைகள் அவருக்கு இல்லை. இதைச் சொல்லிவிட்டே பேச்சைத் தொடங்குங்கள், கேட்பவர்கள் உங்களை நம்புவார்கள்.

ஆனால் வசதியான வீட்டுப் பெண்கள் அந்தக் காலத்தில் வழக்கமாகச் செய்யாத ஒன்றை அவர் செய்தார். பட்டம் வாங்கியதும் பிரைஸ் வாட்டர்ஹவுஸில் சேர்ந்து சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் ஆனார். 1970-களின் பிற்பகுதி அது. ஆடிட்டுக்கு வெளியூர் போக வேண்டும், ஃபேக்டரி கோடவுனில் நின்று சரக்கை எண்ண வேண்டும், ராத்திரி வரை லெட்ஜர் சரிபார்க்க வேண்டும். அந்த நிறுவனம் அப்போதுதான் பெண்களை எடுக்கத் தொடங்கியிருந்தது. அதன் பிறகே ஹார்வர்ட். 1982-ல் அங்கே எம்பிஏ முடித்தார். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று எல்லாக் கட்டுரையும் இந்த இடத்தில்தான் கை தட்டும். எனக்கு அதற்கு முந்தைய ஆடிட் வருஷங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்ததும் எங்கே ஓட்டை என்று சொல்லத் தெரிந்தவரைக் கூட்டத்தில் யாரும் ஓரங்கட்ட முடியாது.

ஹார்வர்ட் முடித்தவர் அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்து கிரிண்ட்லேஸ் வங்கியில் சேர்ந்தார். அது பின்னால் ஏஎன்இசட் கிரிண்ட்லேஸ் ஆனது. அப்போது இங்கே முதலீட்டு வங்கி வேலை, அதாவது கம்பெனிகளுக்குப் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்ட உதவுவது, என்பதே குறுகலானது. ஒரு கம்பெனி பங்கு வெளியிட வேண்டுமென்றால் என்ன விலைக்கு வெளியிடலாம் என்பதைக்கூட டெல்லியில் இருந்த மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர்தான் முடிவு செய்வார். 1992-ல் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்குச் சட்ட அதிகாரம் வந்தது. விலையைச் சந்தையே நிர்ணயிக்கலாம் என்றானதும், கம்பெனியின் மதிப்பைக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்குத் திடீரென்று மவுசு கூடியது. பத்து வருஷமாக அந்தத் துறையிலேயே ஊறியிருந்த கிட்வாய் 1994-ல் அமெரிக்க முதலீட்டு வங்கியான மார்கன் ஸ்டான்லிக்குப் போனார். விப்ரோ 2000-ல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலானபோது பின்னணியில் வேலை பார்த்தவர்களில் அவர் குழுவும் உண்டு. 2002-ல் எச்எஸ்பிசி. 2006-ல் இந்தியத் தலைமைச் செயல் அதிகாரி. 2009-லிருந்து வங்கியின் மொத்த இந்தியப் பொறுப்பும் அவருடையது. ஃபவுண்டன் பக்கம் மகாத்மா காந்தி ரோட்டில் எச்எஸ்பிசி கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 2007-ல் பத்மஸ்ரீ. 2015 டிசம்பரில் ஓய்வு.

பதவிகளின் பட்டியலை இதற்கு மேல் நீட்ட வேண்டாம். அதில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கிரிண்ட்லேஸில் இருந்தபோது முதலீட்டு வங்கியிலிருந்து சில்லறை வங்கிப் பிரிவுக்கும் போய் மேற்கு இந்தியாவைப் பார்த்துக்கொண்டார். அதாவது கிளைகள், டெபாசிட், வாடிக்கையாளர் புகார், மாதக் கடைசி டார்கெட். நம் வங்கிகளில் பெண்களை எச்ஆர், டிரெயினிங், பிஆர் என்று அனுப்பிவிடுவார்கள். மரியாதையான வேலைகள்தான், ஆனால் லாப நஷ்டம் உங்கள் பெயரில் எழுதப்படாது. கடன் கொடுத்து, வசூலித்து, கிளையை லாபத்துக்குக் கொண்டுவந்தவர்கள்தான் பின்னால் மேலே போனார்கள். ஐசிஐசிஐயில் நம்மூர் வாகுல் தலைமையில் இருந்த காலத்தில் லலிதா குப்தே, கல்பனா மொர்பாரியா, ஷிகா சர்மா போன்றவர்களுக்கு இப்படிப்பட்ட பொறுப்புகள் கிடைத்தன. மும்பை வங்கித் துறையில் பெண் தலைவர்கள் அலையாகக் கிளம்பியதற்கு அதுதான் அடிப்படை. 1993-லேயே ஏற்றுமதி இறக்குமதிக்கான எக்ஸிம் வங்கிக்குத் தர்ஜனி வகில் தலைவரானதையும் மறக்கக் கூடாது.

நீங்கள் அரசு வங்கி என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். கிட்வாய் பாதை உங்களுடையது ஆகாது. உங்கள் பாதைக்கு அருகில் இருப்பவர் அருந்ததி பட்டாச்சார்யா. 1977-ல் ஸ்டேட் வங்கியில் உங்களைப் போலவே புரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்து, 2013-ல் அதன் முதல் பெண் தலைவரானவர். கல்லூரியில் அவர் படித்தது ஆங்கில இலக்கியம். லக்னோவுக்கு மாற்றலானபோது மகளுக்குப் பள்ளி அமையாமல் வேலையையே விட்டுவிடலாமா என்று யோசித்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். என் காலத்தில் மாதுங்கா, செம்பூர், முலுண்டிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர் பரீட்சை எழுதித் தேறும் அறிவிருந்தும், ‘ப்ரமோஷன் வந்தா டிரான்ஸ்ஃபர் வரும், மாமியாரை யார் பாக்கறது’ என்று கிளார்க்காகவே ஓய்வு பெற்றார்கள். தலைவரானதும் பட்டாச்சார்யா குழந்தை வளர்ப்புக்கோ பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ பெண்கள் இரண்டு வருடம் வரை விடுப்பு எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். பெண் ஊழியர்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியும் இலவசமாகக் கிடைக்கச் செய்தார். காசோலை எழுதிக் கொடுக்காத கொடை இது. வங்கித் தலைவர் ஒருவர் கொடுக்கக்கூடியதில் மிகப் பெரியது இந்த வகைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி கிட்வாயின் கொடைக்கு வருவோம். இதில் யாருடைய பணம் என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியை நான் வரவேற்கிறேன். பத்திரிகைகள் பெரும்பாலும் அதைக் கேட்பதே இல்லை.

2012-ல் எச்எஸ்பிசி உலக அளவில் தண்ணீருக்கென்று ஐந்து வருடத்துக்கு 10 கோடி டாலர் திட்டம் ஒன்றை அறிவித்தது. வாட்டர்எய்ட், டபிள்யூடபிள்யூஎஃப், எர்த்வாட்ச் அமைப்புகள் மூலம் பணம் போனது. கங்கைப் பகுதியிலும் வேலை நடந்தது. இந்தியத் தலைவர் என்ற முறையில் கிட்வாய் அதன் முகமாக இருந்தார். ஆனால் பணம் பங்குதாரர்களுடையது. அதே 2012 டிசம்பரில், கறுப்புப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்கத் தவறியதற்காக, முக்கியமாக மெக்சிகோ தொடர்பான கணக்குகளுக்காக, எச்எஸ்பிசி அமெரிக்க அரசுக்கு சுமார் 190 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த வழக்கு கிட்வாயைப் பற்றியது அல்ல. ஆனாலும் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வங்கியின் நன்கொடையைப் படிக்கும்போது அதே ஆண்டின் அபராதத்தையும் படிப்பது நம் கடமை. பத்து நிமிடப் பேச்சில் ஒரு நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

அடுத்தது சட்டம் கட்டாயப்படுத்தும் பணம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் தாண்டிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறை. ஸ்டேட் வங்கி தனிச் சட்டத்தின் கீழ் வருவதால் இந்தப் பிரிவு அதற்குப் பொருந்தாது. அது முந்தைய ஆண்டு லாபத்தில் 1 சதவீதம் என்ற கணக்கில் செலவிடுகிறது. இந்தச் சட்டம் வந்த ஆண்டு, தொழில் வர்த்தகச் சபைகளின் கூட்டமைப்பான ஃபிக்கியின் தலைவர் கிட்வாய்தான். 1927-ல் தொடங்கிய அந்த அமைப்புக்கு அவர்தான் முதல் பெண் தலைவர். பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற விதியும் அதே சட்டத்தில்தான் வந்தது. கெடு நெருங்கியதும் பல முதலாளிகள் மனைவியையும் மகளையும் உட்காரவைத்துக் கணக்கைச் சரிக்கட்டியதைப் பத்திரிகைகள் அப்போது பக்கம் பக்கமாக எழுதின. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தகுதியுள்ள பெண்கள் வங்கித் துறையில் மட்டுமே நூற்றுக்கணக்கில் இருந்தார்கள்.

மூன்றாவதுதான் அவருடைய சொந்தக் கொடை. பதவியில் இருக்கும்போதே, 2015-ல், ஃபிக்கியின் துணையோடு இந்தியா சானிடேஷன் கொலிஷன் என்ற கூட்டமைப்பைத் தொடங்கி அதன் தலைவரானார். கழிப்பறைக்கான அமைப்பு அது. பன்னாட்டு வங்கித் தலைவர் ஓய்வுக்குப் பிறகு கலை, இசை, பல்கலைக்கழக இருக்கை என்று போயிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர் மலக்குழியைப் பற்றிப் பேச வந்தார். அதற்காகவே எனக்கு அவர் மேல் தனி மதிப்பு.

அந்தக் கூட்டமைப்பின் தாரக மந்திரத்தில் நான்கு வினைச்சொற்கள்: கட்டு, பயன்படுத்து, பராமரி, சுத்திகரி. 2014 அக்டோபர் 2-ல் தூய்மை இந்தியா திட்டம் தொடங்கியிருந்த நேரம். நாடு முழுவதும் கட்டுவதைப் பற்றியே பேச்சு. 2019-க்குள் கிராமங்களில் 10 கோடிக்கு மேல் கழிப்பறை கட்டியதாக அரசுக் கணக்கு. கட்டிய பின் என்ன ஆகும் என்ற மற்ற மூன்று வினைகளும் வங்கிக்காரர் மூளையிலிருந்து வந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. கடன் கொடுப்பது சுலபம், அந்தச் சொத்து ஐந்து வருடம் கழித்தும் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் வங்கி வேலை. கிராமத்தில் நல்ல கழிப்பறை என்பது இரட்டைக் குழி. ஒரு குழி நிரம்ப ஒரு குடும்பத்துக்குச் சுமார் ஐந்து வருடம் ஆகும். அப்புறம் ஒய் வடிவக் கால்வாயில் பாதையை மாற்றி அடுத்த குழிக்கு விட வேண்டும். மூடிய குழியில் இருப்பது காலப்போக்கில் மட்கி உரமாகும். யாரும் அதில் இறங்க வேண்டியதில்லை. மலக்குழியில் இறங்கிச் செத்தவர்களின் செய்தியைத் தமிழ்நாட்டிலும் மும்பையிலும் படித்துப் படித்து நெஞ்சு கனத்துப் போன நமக்கு இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது பணம். கிராமக் குடும்பத்துக்கு அரசு தந்த ஊக்கத்தொகை 12,000 ரூபாய். பல இடங்களில் அது கட்டி முடித்து, போட்டோ எடுத்து, சரிபார்த்த பிறகுதான் கணக்கில் ஏறும். கொத்தனாரும் செங்கல் கடைக்காரரும் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். கையில் காசில்லாத வீடு எப்படித் தொடங்கும்? வட்டிக்காரரிடம் போகும், இல்லாவிட்டால் கட்டாமலே இருந்துவிடும். அந்த இடைவெளிக்குத்தான் சிறு கடன் வேண்டும். ஆனால் கிளை மேனேஜர் பார்வையில் கழிப்பறைக் கடன் வருமானம் தராத கடன். தையல் மிஷினுக்குக் கொடுத்தால் தைத்துச் சம்பாதித்துக் கட்டுவார்கள், கழிப்பறை என்ன சம்பாதிக்கும் என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதிலும் இருக்கிறது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, டாக்டர் செலவு, ஒரு நாள் கூலி போவது, இவையெல்லாம் குறைவதும் வருமானமே. திருச்சியில் 1987-லிருந்து இயங்கும் கிராமாலயா அமைப்பு இந்த உண்மையைப் பல வருடம் முன்பே புரிந்துகொண்டு, தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் மட்டுமே கடன் தரும் கார்டியன் என்ற சிறுகடன் நிறுவனம் உருவாக வழி செய்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் சுயஉதவிக் குழுப் பெண்கள். நம்மூர்ப் பெண்கள் தவணையில் கழிப்பறைக் கடன் அடைத்துக் காட்டியதை உங்கள் வகுப்பில் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

2015 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி முன்னுரிமைத் துறைக் கடன் (விவசாயம், சிறுதொழில் போன்றவற்றுக்கு வங்கிகள் கட்டாயம் தர வேண்டிய கடன்) விதிகளைத் திருத்தியபோது சமூகக் கட்டமைப்பு என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. பள்ளி, மருத்துவ வசதி, குடிநீர், சுகாதார வசதி இதற்குள் வரும். சிறுகடன் நிறுவனங்கள் வழியாகக் குடும்பங்களுக்குப் போகும் தண்ணீர், கழிப்பறைக் கடனுக்கும் இடம் கிடைத்தது. பின்னால் வீட்டுக் கழிப்பறை கட்டுவதும் புதுப்பிப்பதும் என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். இதன் வலிமை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை முன்னுரிமைத் துறைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். 20 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள வெளிநாட்டு வங்கிகளையும் இந்த 40-க்குள் கொண்டுவந்தது 2012-ல். அதுவரை மேனேஜர் கண்ணில் படாத கழிப்பறை, டார்கெட்டில் ஒரு வரியாக வந்துவிட்டது. இந்த விதிக்குக் கிட்வாய் காரணம் என்று நான் சொல்லவில்லை, பலர் பல வருடம் பேசியதன் விளைவு அது. ஆனால் வங்கிகள், சிறுகடன் நிறுவனங்கள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அரசு, களத்தில் இருக்கும் அமைப்புகள் என்று ஒருவரோடொருவர் பேசாத ஆட்களை ஒரே மேசைக்குக் கொண்டுவரும் வேலையை அவர் கூட்டமைப்பு எடுத்துக்கொண்டது. ஒரு அமைச்சகச் செயலாளரும் வங்கித் தலைவரும் அவர் கூப்பிட்டால் வருவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் சேர்த்த அந்தச் செல்வாக்கை அவர் கழிப்பறைக்காகச் செலவழிக்கிறார். அது அவருடைய சொந்தப் பணம் என்று தாராளமாகக் கணக்கில் எழுதலாம். கொடை எவ்வளவு என்ற உங்கள் கேள்விக்கு நான் தரும் பதில் இதுதான். ரூபாயில் தேடாதீர்கள்.

இதெல்லாம் தாராவிக்கு எப்படிப் பொருந்தும் என்று உங்களுக்குள் ஒரு கேள்வி ஓடுமே. நேர்மையாகச் சொன்னால், பாதிதான் பொருந்தும். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் இருக்கும் வீட்டில் இரட்டைக் குழிக்கு எங்கே இடம்? 2015-ல் வந்த சமூகக் கட்டமைப்புக்கான நேரடிக் கடன் விதியும், மக்கள்தொகைப்படி ஊர்களைப் பிரிக்கும் தரத்தில் டயர் 2 முதல் டயர் 6 வரை உள்ள ஊர்களுக்குத்தான் என்று இருந்தது. ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர் டயர் 1 என்பதால் மும்பை வெளியே நின்றது. ஆகவே இங்கே பொதுக் கழிப்பறைதான் வழி, அதற்குக் கடனைவிட மானியமும் பராமரிப்புக் கட்டணமும்தான் உயிர்.

பராமரிப்பு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வகுப்பில் மற்றவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். உலக வங்கி உதவியோடு 1990-களில் தொடங்கிய மும்பைக் குடிசைப் பகுதிச் சுகாதாரத் திட்டத்தில், குடியிருப்பவர்களே ஆளுக்கு 100 ரூபாய் போட்டு, குழு அமைத்து, கழிப்பறையை நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. நான் பார்த்த ஒரு குழுவின் நோட்டில் மாதாமாதம் வரவு என்பது குடும்ப பாஸ் பணம். செலவில் கரண்ட் பில், மோட்டார் ரிப்பேர், டேங்கர் தண்ணீர், சுத்தம் செய்பவர் சம்பளம், ஃபினாயில். கரண்ட் பில்லும் மோட்டாரும் ஒரே மாதம் வந்தால் பல்பு மாற்றக் காசிருக்காது. பல்பு இல்லாவிட்டால் ராத்திரி பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. போக முடியாது என்று தெரிந்தால் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். எத்தனை வீட்டில் எத்தனை பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் குழுவுக்குத் தேவைப்பட்டது மூன்று மாதச் செலவை ஒதுக்கி வைக்கும் ஒரு சேமிப்புக் கணக்கு. அதைத் திறக்கப் போனபோது ஒரு கிளையில் இந்தப் பேப்பர் இல்லை, அந்தப் பேப்பர் இல்லை என்று திரும்பத் திரும்ப அலையவிட்டார்கள். பெண்கள் அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் இன்னொரு கிளையில் ஒரு இளம் ஆபீசர் தீர்மான நகலை அவரே சொல்லச் சொல்ல எழுதவைத்து, அன்றைக்கே கணக்கைத் திறந்துகொடுத்தார்.

2016-ல் காட்கோபர் ஆசாத் நகரில் இந்துஸ்தான் யூனிலீவர் மாநகராட்சியோடு சேர்ந்து சுவிதா என்ற மையத்தைத் தொடங்கியது. கழிப்பறை, குளியலறை, துணி துவைக்கும் மிஷின், குடிநீர் எல்லாம் ஒரே கட்டடத்தில். குளித்த, துவைத்த தண்ணீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கு விடுகிறார்கள். எச்எஸ்பிசி பின்னால் இதில் பங்குதாரராகச் சேர்ந்தது. 2022-ல் தாராவியிலேயே 111 கழிப்பறைகளோடு ஒரு மையம் வந்தது. கிட்வாய் அந்த வங்கியை விட்டுப் போய் வருடங்கள் ஆன பிறகு நடந்தது இது, அவர் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் முன்பு சொன்ன நான்கு வினைகளும் ஒரே கூரைக்குக் கீழ் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் நேரில் போய்ப் பாருங்கள். கட்டணம் என்ன, ராத்திரி எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, பாஸ் வாங்க முடியாத வீடுகள் என்ன செய்கின்றன என்று அங்கே வரும் பெண்களிடமே கேளுங்கள். பேச்சுக்கு அதைவிட நல்ல குறிப்பு வேறெங்கும் கிடைக்காது.

உங்கள் கடைசிக் கேள்வி. வசதியான வீட்டுப் பெண்ணின் கதை எதற்கு உதவும்? அவருடைய தொடக்கம் உங்களுக்கு உதவாது. அவர் தன் தொழிலறிவையே கொடையாக ஆக்கினார் என்பது உதவும், அதற்கு அவர் அளவு பதவி தேவையில்லை. உங்கள் அப்பா ‘கொடையெல்லாம் பணக்காரங்க வேலை, நீ வேலையைப் பாரு’ என்றாராம். அப்பா சொன்னதன் பின்பாதியை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் விடியற்காலையில் இட்லி அவித்து அண்டாவில் ஏற்றி அனுப்பும் நம் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை. அதில் ஒரு அக்கா வந்து கிரைண்டருக்கு லோன் வேண்டும் என்றால், சிறுதொழில் கடன் திட்டமான முத்ராவில் வருமா, தெரு வியாபாரிக்கு 2020-ல் வந்த ஸ்வநிதியில் முதல் தவணையாக வருமா, குழுவின் வழியாக வருமா என்று உங்களுக்கு உடனே தெரிய வேண்டும். அவருக்குத் தமிழில் விளக்க வேண்டும். வட்டி எவ்வளவு, தவணை தவறினால் சிபில் என்ற கடன் மதிப்பெண் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் ஆபீசர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களில் ஒருவராகிவிடாதீர்கள்.

ஒரு வேலையைக் கையோடு செய்துவிடலாம். ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைத் துறைக் கடன் பற்றிய மாஸ்டர் டைரக்‌ஷன் என்ற விதித் தொகுப்பை இறக்கிச் சமூகக் கட்டமைப்புப் பகுதியைப் படியுங்கள், ஒன்றரைப் பக்கம்கூட வராது. புரொபேஷன் முடிவதற்குள் உங்களைக் கிராமக் கிளைக்கு அனுப்புவார்கள். அழாமல் போங்கள், லோன் டெஸ்க்கையே கேட்டு வாங்குங்கள். முதல் வாரத்தில் அந்தக் கிளையில் வீட்டுக் கழிப்பறைக்கென்று கொடுத்த கடன் ஏதாவது புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மேனேஜரிடம் விதியின் நகலை வைத்துப் பேசுங்கள், பக்கத்தில் உள்ள சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்கு ஒரு நாள் மாலை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.